மக்பர்சன் கண்ட தூண்

வில்வண்டியிற் பயணஞ் செய்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். பாதையிலுள்ள பள்ளத்தின் அடியை வில் தாங்கிக்கொள்ளும்; ஆயினும் பள்ளத்தைக் கடந்த பின்னரும் வண்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே செல்லும். மாட்டின் நடைக்கு அவ்வாட்டம் பெருங்குறையன்று. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் மோட்டார் வண்டிக்கோ அதுவே ஆபத்தாக முடியும். ஆடுகின்ற வண்டியின் சக்கரம் தரையை உறுதியாகப் பற்றுவதில்லை; தரையைப் பற்றாத சக்கரம் பிரேக்குக்கும் அடங்காது, ஸ்டியரிங்குக்கும் அடங்காது.

ஆகவே, வில்லின் ஆட்டத்தைத் தணிப்பதற்கு வேறொரு கருவி வேண்டியதாயிற்று. பிரான்சு நாட்டவரான துருஃபோ என்பவர் தட்டுகள் ஒன்றோடொன்று உராயும் முறையைக் கையாண்டார். அதே நாட்டவரான மொரிஸ் ஊடாய் எண்ணெயைத் துணைக்கழைத்தார். சிறு துளையினூடாக எண்ணெய் நெருங்கிச் செல்லும்போது அசைவின் வலு வெப்பமாக மாறிப் போய்விடும். ஷொக் அப்சோபர் என்று நாம் வழங்கும் கருவியின் தத்துவம் இவ்வளவே. 1927ஆம் ஆண்டு ஃபோர்ட் நிறுவனம் வெளியிட்ட மொடல் ஏ கார்களில் ஊடாயின் பெயர் தாங்கிய கருவிகளே பொருத்தப்பட்டிருந்தன. ஆனால் வில் ஓரிடத்திலும், எண்ணெய்க் கருவி மற்றோரிடத்திலும், சக்கரம் திரும்பும் மூட்டு வேறோரிடத்திலுமாக இருந்தன.

இம்மூன்றையும் ஒரே தூணில் அடக்கிய பெருமை ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரைச் சாரும். 1891இல் இல்லினோய் மாநிலத்திற் பிறந்த இவர், 1945இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் செவர்லே பிரிவில் ஒரு சிறிய காரை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். காரின் பெயர் கடேற். விலை 1,000 டொலருக்கு உட்பட வேண்டும். எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம். விலை குறைய வேண்டுமாயின் உறுப்புகளும் குறைய வேண்டுமன்றோ? மக்பர்சன் ஷொக் அப்சோபரைத் தடித்த உறுதியான தூணாக்கி, அதன் மேற்பகுதியைச் சுற்றிச் சுருள்வில்லை அமர்த்தி, தூணின் தலையைக் காரின் உடலோடு இணைத்தார். கீழே ஒரு கை மட்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. முன்சக்கரங்களில் அத்தூணே ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பவும் செய்தது. இத்தாலியில் ஃபியற் நிறுவனத்தைச் சேர்ந்த குயிடோ ஃபோர்னாக்கா 1920களில் இதனையொத்த ஓர் அமைப்பை எண்ணியிருந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது.

கடேற் மக்கள் கையை அடையவில்லை. போர் முடிந்த அமெரிக்காவில் பெரிய கார்களே மிகுந்த இலாபத்துக்கு விற்பனையாயின. 1947இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே மக்பர்சன் ஃபோர்ட் நிறுவனத்துக்குச் சென்றார். 1950ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் ஃபோர்ட் கொன்சல், செஃபயர் என்னும் கார்கள் அறிமுகமானபோது, அவற்றின் முன்சக்கரங்களின் மேல் அவருடைய தூண்கள் நின்றன. இலங்கை வீதிகளிலும் அக்கார்கள் ஓடின. 1958இல் ஓய்வு பெற்ற மக்பர்சன் 1960இல் காலமானார். கடேற்றைக் கைவிட்ட ஜெனரல் மோட்டர்ஸ், 1979இல் விற்பனைக்கு விட்ட செவர்லே சிற்றேஷன் காரில் அதே வகைத் தூணைப் பொருத்தியது. காலந்தாழ்ந்து வந்த நீதி என்றே இதனைக் கொள்ளலாம்.

சிறிய காருக்கென எண்ணிய தூண், 1994இல் வெளிவந்த ரொயோட்டா ராவ்4 முதலான குடும்ப எஸ்யூவி வண்டிகளையும் தாங்கத் தொடங்கியது. இன்று அவ்வகை வண்டிகள் பல 1,500 கிலோகிராமுக்கும் மேல் எடையுடையன. தூணின் உயிரோ, அதன் தண்டைச் சுற்றியுள்ள ஒயில் சீல் என்ற சிறிய இறப்பர் வளையத்திலேயே தங்கியுள்ளது. அவ்வளையம் தேய்ந்தால் எண்ணெய் வெளியே கசியும். தூண் நனைந்து, புழுதி படிந்து கருமையாகும். மேலே மெல்லிய ஈரம் மட்டும் படர்ந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்தோடுமாயின் தூணை மாற்றியே தீர வேண்டும். பயணத்தின்போது பின்னாசனத்துக் குழந்தைகள் ஆட்டத்தை விளையாட்டாகக் கொள்ளக்கூடும். பிரேக் பிடிக்கும் தூரம் நீண்டுவிட்டதை அவர்கள் அறியார்.

இவ்வேலையைப் பலர் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்கின்றனர். உறுப்புகள் குறைவாக இருப்பதால் அதற்கு வழியும் உண்டு. வண்டியை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுவர். பிரேக் குழாயையும் மின்கம்பியையும் தூணிலிருந்து விடுவிப்பர். கீழேயுள்ள இரு பெரிய போல்ட்டுகளின் நிலையைக் குறித்துக்கொண்டு கழற்றுவர். பின்பு மேலேயுள்ள நட்டுகளை நீக்கித் தூணை இறக்குவர். இம்மட்டும் பொறுமையே போதும்.

அபாயம் அதற்குப் பின்னரே வருகிறது. தூணைத் தழுவிய சுருள்வில், வெளியே எடுத்த பின்னும் அழுந்திய நிலையிலேயே இருக்கிறது. உச்சியின் நடுவிலுள்ள ஒரேயொரு நட்டுத்தான் அதனை அடக்கி வைத்திருக்கிறது. வில்லை முதலில் அழுத்தாமல் அந்நட்டைத் தளர்த்துபவர் பெருந்துன்பத்துக்கு ஆளாவார். வில் பாய்ந்து உயிரையும் வாங்கக்கூடும். ஆதலால் வில்லின் இரு எதிர்ப்பக்கங்களிலும் அழுத்துகருவிகளைப் பூட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, வில் தன் இருக்கையிலிருந்து விடுபட்டுத் தளர்ந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே நட்டில் கைவைப்பர். வேலை நடக்கையில் முகத்தை வில்லின் நேரே கொண்டு செல்லலாகாது. அழுத்துகருவி இல்லாதவர்க்கு வில்லும் தூணும் ஒன்றாகப் பூட்டப்பட்ட நிலையிலேயே கடைகளில் விற்கப்படுகின்றன. விலை சற்றுக் கூடுதலாயினும் அவ்விலை நியாயமானதே.

ஒரு பக்கம் கசிந்தாலும் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுதல் வழக்கம். புதிய தூணும் பழைய தூணும் ஒரே அச்சில் ஒத்துழைப்பதில்லை. இறுதியாக வண்டி சக்கரக் கோணம் அளக்கும் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். கீழ்ப் போல்ட்டுகள் மயிரிழை பிசகியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.