சுரம் எண்ணாக மாறிய கதை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் அது. அந்நாளில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒருங்கே கூடித்தான் பாட்டைப் பதிவு செய்வர். ஒருவர் தாளம் தவறினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான்!

பல தடங்களில் தனித்தனியே பதியும் நாடா வந்தபின் இத்தொல்லை குறைந்தது. அடிப்படை மாறுதலோ 1983-இல் நேர்ந்தது. மின்னணு இசைக்கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள 'மிடி' என்னும் பொது மொழி அவ்வாண்டு வந்தது. மிடி ஒலியைச் சேமிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகளையே எண்களாக வைத்துக்கொள்கிறது. சுரம் பிசகினால் எண்ணைத் திருத்தினால் போதும். குழுவை அழைக்க வேண்டாம். அழைக்கப்படாதவர்களின் பிழைப்பு என்னவாயிற்று என்பது வேறு கதை, துயரக் கதை.

1992-இல் வெளிவந்த 'ரோஜா'வின் இசையை ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டுப் பதிவுக்கூடத்தில் இவ்வகைக் கருவிகளின் துணையோடு அமைத்தார்.

நம் இசைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. விசைப்பலகையில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகளே. கமகமோ கட்டைகளுக்கு இடையே வாழ்வது. இதற்கென்று பலகையின் ஓரத்தில் சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் இருக்கும். அதன் அசைவுக்கு மிடியில் 16,384 படிகள் உண்டு. ஆனால் தோடியின் காந்தாரத்துக்கு அதை எவ்வளவு திருப்புவது என்பதை, தோடி கேட்டுப் பழகிய விரலே தீர்மானிக்க வேண்டியிருந்தது.