இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக்கான அரசு நல்கைகள்

மருத்துவ, பொதுச் சுகாதார ஆராய்ச்சி நல்கை என்பது, ஒரு நோய் பற்றிய கேள்விக்கு விடை தேடும் ஆய்வாளருக்கு, அவர் பணிபுரியும் நிறுவனத்தின் வழியாக அரசு கொடுக்கும் பணம். இதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. செலவுக் கணக்கையும் ஆய்வின் முடிவையும் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. காலா அசார் காய்ச்சலுக்கு மருந்து, காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே சிகிச்சை, ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஆகிய மூன்றுக்கும் பின்னால் இப்படிப்பட்ட பணம் இருந்தது. பணம் விடாமல் வந்த இடங்களில் ஆராய்ச்சி வேர் பிடித்ததையும், நடுவில் நின்ற இடங்களில் ஆய்வாளர்கள் கலைந்துபோனதையும் இந்த வரலாறு நெடுகிலும் காணலாம்.

தொடக்கம்

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்தியாவில் நோய் ஆராய்ச்சி பெரும்பாலும் தனி மனிதர்களின் பிடிவாதத்தால் நடந்தது. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ் ஓர் இராணுவ மருத்துவர். ஆராய்ச்சியை அவர் பணிக்கு இடையே செய்துவந்தார். ஹுசைன் கான் என்ற நோயாளிக்கு, அவரைக் கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கொடுத்துத்தான் அந்தச் சோதனையை நடத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு பம்பாயில் பிளேக் பரவியபோது அரசு விழித்துக்கொண்டது. நுண்ணுயிரியலாளர் வால்டெமர் ஹாஃப்கின் வரவழைக்கப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் அதை முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். அவர் தொடங்கிய ஆய்வகம் பிறகு அந்நகரின் பரேலுக்கு மாறியது. சென்னை கிண்டியில் கிங் நிலையம் 1899இலும், குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இலும் உருவாயின. இப்படி ஆய்வகங்கள் வந்துவிட்டன. ஒரு கேள்வியோடு வருபவரைக் கேட்டறிந்து, அதன் தகுதியைப் பார்த்துப் பணம் ஒதுக்க நாடு முழுமைக்குமான அமைப்புதான் இல்லாமல் இருந்தது.

அந்த அமைப்பு 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்ற பெயரில் பிறந்தது. அதன் ஆட்சிக் குழு 1911 நவம்பர் 15 அன்று பம்பாய் பிளேக் ஆய்வகத்தில் ஹார்கோர்ட் பட்லர் தலைமையில் முதன்முறையாகக் கூடியது. மலேரியா, காலா அசார், காலரா, தொழுநோய் என்று நோய்வாரியாக விசாரணைகளுக்குச் சங்கம் பணம் கொடுத்தது. 1913இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழைத் தொடங்கியது. அந்த இதழ் இன்றும் வெளிவருகிறது. நிதி கொடுக்கும் அமைப்பே முடிவுகளை அச்சிட்டு எல்லார் கைக்கும் கிடைக்கச் செய்தது நல்ல ஏற்பாடு.

ஓர் அறை, ஒரு நல்கை

சங்கத்தின் தொடக்ககால நல்கைகளில் மிகுந்த பலன் தந்ததாக உபேந்திரநாத் பிரம்மச்சாரிக்குக் கிடைத்ததைச் சொல்லலாம். கல்கத்தா கேம்பெல் மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். இன்றைய நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி அதுதான். வங்கத்திலும் அசாமிலும் காலா அசார் ஊர்களையே காலி செய்துகொண்டிருந்த காலம் அது. மண்ணீரல் வீங்கி, உடல் கறுத்து, சிகிச்சை இல்லாதவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். அப்போது பயன்பட்ட ஆன்டிமனி உப்புகள் நச்சுத்தன்மை மிக்கவை. ஊசியோ பல மாதங்கள் போட வேண்டியிருந்தது.

1919 இறுதியில் சங்கம் அவருக்கு நல்கை அளித்தது. அவருக்குக் கிடைத்த ஆய்வகம் ஒரு சிறு அறை. எரிவாயு இணைப்பும் தண்ணீர்க் குழாயும் இல்லை. இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. அந்த அறையில்தான் யூரியா ஸ்டிபமைன் என்ற ஆன்டிமனிச் சேர்மம் உருவானது. அதன் பலன்களைப் பற்றிய கட்டுரை 1922இல் சங்கத்தின் இதழிலேயே வந்தது. அசாம் அரசு அதைப் பெருமளவில் பயன்படுத்தியது. பல மாதச் சிகிச்சை சில வாரங்களாகச் சுருங்கியது. அரசு மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த இந்திய மருத்துவர் ஒருவரை நம்பிக் கொடுத்த தொகை அது. பெரிய நிறுவனங்களுக்கே பணம் போகட்டும் என்று வாதிடுவோர் இந்த நிகழ்வை மறந்துவிடக் கூடாது.

குன்னூரில் நின்ற பணம்

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்வோருக்கு வரும் நோய் என்பதால் தென்னாட்டுக்கு அது நெருக்கமான கேள்வி. ஆய்வு சூடுபிடித்த நேரத்தில், போருக்குப் பிந்தைய பற்றாக்குறையைச் சமாளிக்க அமைக்கப்பட்ட இஞ்ச்கேப் குழு அரசுச் செலவுகளை வெட்டப் பரிந்துரைத்தது. 1923இல் விசாரணை நின்றது. மக்காரிசன் இங்கிலாந்துக்குப் போனார். 1925இல்தான் ஊட்டக்குறை நோய் விசாரணை என்ற பெயரில் அது உயிர் பெற்றது.

மீண்டும் வந்த பணத்தில் அவர் இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட வடமேற்கு உணவில் எலிகள் செழித்தன. அரிசியை மட்டும் பெரிதும் சார்ந்த உணவில் அவை சோர்ந்தன. பின்னர் டபிள்யூ. ஆர். எய்க்ராய்ட் தலைமையேற்ற காலத்தில் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை 1937இல் வெளியானது. கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று நாம் உண்பவற்றில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து, எவ்வளவு இரும்புச் சத்து என்று இன்றைக்குச் சொல்லும் மரபு அங்கிருந்து வந்தது. இந்த விசாரணையிலிருந்து வளர்ந்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அதன் இயக்குநராக இருந்து, பின்னர் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக்கே தலைமை ஏற்ற சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

விடுதலைக்குப் பின்

1949இல் நிதிச் சங்கம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாகப் பெயர் மாறியது. செய்தித்தாள்கள் ஐசிஎம்ஆர் என்று எழுதுவது இதைத்தான். கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த சி. ஜி. பண்டிட் அதன் முதல் இயக்குநர். கழகம் இரு வழிகளில் செலவிட்டது. ஒன்று தன் சொந்த நிறுவனங்களுக்கு, மற்றது மருத்துவக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள வெளி ஆய்வாளர்களுக்கு. இந்த இரண்டாவது வழியைத்தான் இன்று பலரும் நல்கை என்று சொல்கிறார்கள்.

சொந்த நிறுவனங்களில் சென்னையின் கதை தனித்து நிற்கிறது. 1950களில் இந்தியாவின் காசநோயாளிகளுக்கு, தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியப் படுக்கைகள் போதவே இல்லை. மருந்து வந்துவிட்டது, ஆனால் ஓய்வும் நல்ல உணவும் காற்றோட்டமும் இல்லாமல் மருந்து பலிக்காது என்பது அன்றைய நம்பிக்கை. 1956இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கைகோத்துச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை ஐந்தாண்டுத் திட்டமாக நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு சானடோரியத்தில் ஓராண்டு தங்கியது. மற்றது நெரிசலான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளை விழுங்கியது. வீட்டுக் குழுவினர் உண்டது குறைவான உணவு, ஓய்வும் குறைவு. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது: இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தன. வீட்டில் இருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் தேவையிழந்ததற்குப் பின்னால் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஐந்தாண்டுத் திட்டத்தை அதோடு மூடிவிடாதது அடுத்த நல்ல முடிவு. 1964இல் அது கழகத்தின் நிரந்தர மையமாகி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிச் சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை 1979இல் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காசம் போன்ற கொடிய வடிவங்களிலிருந்து காக்கும் என்பதற்காகவே பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம். எதிர்பார்த்த பலன் இல்லை என்று காட்டிய ஆய்வுக்குச் செலவிட்ட பணம் வீண் என்று எவரும் சொல்லிவிட முடியாது. அந்த விடை தெரியாமல் இருந்திருந்தால் பொய்யான பாதுகாப்பில் இருந்திருப்போம்.

பல வாசல்கள்

1986இல் உயிரித் தொழில்நுட்பத் துறை தனித் துறையானதும் விண்ணப்பிக்க இரண்டாவது பெரிய வாசல் திறந்தது. அதன் பொறுமைக்குச் சான்று ரோட்டா வைரஸ் தடுப்பூசி. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் எம். கே. பான் குழுவினர் ஒரு வைரஸ் வகையைக் கண்டார்கள். அது தொற்றிய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை. அந்தக் கவனிப்பிலிருந்து தடுப்பூசிவரை வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. துறையின் நல்கையும், இந்திய-அமெரிக்கத் தடுப்பூசித் திட்டமும், அறக்கட்டளைகளும், பாரத் பயோடெக் நிறுவனமும் சேர்ந்து அதைச் சுமந்தன. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. 2016இல் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது.

2007இல் சுகாதார ஆராய்ச்சித் துறை உருவாகி ஐசிஎம்ஆர் அதன்கீழ் வந்தது. 2008இல் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து ஆய்வாளர்களுக்கு நீண்டகால உதவித்தொகை தரும் கூட்டமைப்பும், 2012இல் தொழில்முனைவோருக்கு உதவும் பைராக் நிறுவனமும் வந்தன. மருத்துவ மாணவர்களுக்கு ஐசிஎம்ஆர் 1979 முதல் தரும் குறுகிய கால உதவித்தொகையைத் தனியே சொல்ல வேண்டும். இளநிலை மாணவர் ஒருவர் இரண்டு மாதத்தில் சிறு ஆய்வு ஒன்றைத் தாமே திட்டமிட்டுச் செய்து அறிக்கை கொடுக்கலாம். பல மருத்துவர்களுக்கு ஆராய்ச்சியின் முதல் படி இதுதான்.

பெறும் முறையும் இடர்களும்

இன்று ஐசிஎம்ஆர் 2 கோடி ரூபாய்வரை சிறு நல்கையும், அதற்கு மேல் 8 கோடிவரை இடைநிலை நல்கையும் தருகிறது. விண்ணப்பம் இணையவழி. கேள்வி, முறை, எத்தனை நோயாளிகள் தேவை என்ற கணக்கு, செலவுப் பட்டியல் ஆகியவற்றை வல்லுநர் குழு பார்க்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். மருந்துச் சோதனையாக இருந்தால், 2009 ஜூன் 15 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே தேசியப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். வெளிநாட்டுப் பங்காளி இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும்.

பணம் ஆண்டுக்கு ஆண்டு தவணையாக வருகிறது. முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது. இது நியாயமான விதி. ஆனால் தவணை தாமதமாகும் மாதங்களில் களப்பணியாளர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் சம்பளமின்றிக் காத்திருக்கிறார்கள். தொடர்ந்து பார்க்க வேண்டிய நோயாளி விட்டுப்போனால் தரவில் விழும் ஓட்டையைப் பிறகு எந்தப் பணமும் அடைக்காது. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு மட்டுமே என்ற 2020-21 கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இந்த இழப்பு இன்னும் வலிக்கிறது.

குறைந்த பணத்திலும் சரியான கேள்விக்குப் பெரிய விடை கிடைக்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு, ஐசிஎம்ஆர் நிதியில் சென்னை காசநோய் நிறுவனமும் பங்கேற்று நடந்தது. வீட்டில் உள்ள மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023இல் அதன் முடிவு வெளியானது. உணவு குறைந்தாலும் மருந்து நோயாளியைக் குணமாக்கும் என்று 1959இல் சென்னை காட்டியிருந்தது. கூட வாழ்பவரைக் காக்க உணவு வேண்டும் என்பதை ஜார்க்கண்ட் காட்டியது.

2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறி, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரதமர் தலைமையிலான ஆட்சிக் குழு கொண்ட இந்த அமைப்பின் வரம்பில் சுகாதாரமும் அடங்கும். ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்பது இலக்கு. அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, தொழில்துறையும் நன்கொடையாளர்களும் தர வேண்டியது. காலா அசார், தொழுநோய், பாம்புக்கடி ஆகியவை பெரும்பாலும் ஏழைகளைத் தாக்குபவை. அவற்றுக்கான மருந்தில் இலாபம் பார்க்க வழியில்லை. ஆகவே அந்தக் கேள்விகளுக்கான பங்கை அரசு தர வேண்டிய மீதி 14,000 கோடியிலேயே முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும்.