சதுரங்கக் கல்வியின் கதை

சதுரங்கம் ஆடத் தெரிந்தவர் நம்மிடையே பலர். அதனை முறையாகப் பயின்றவர் மிகச் சிலரே. காய்களின் நடையை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டு, பத்து ஆண்டுகள் இடைவிடாது ஆடியும், முதல் ஆண்டில் நின்ற இடத்திலேயே நிற்பவரைக் காண்கிறோம். அவருள் பலர், ‘எனக்கு அதற்குரிய மூளை இல்லை’ என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு பலகையை மூடி வைத்துவிடுகின்றனர். மாணவ நண்பர்களே, அத்தீர்ப்புச் சரியானதுதானா? குறை மூளையிலா, அன்றிப் பயிலும் முறையிலா? இக்கேள்விக்கு விடை காண உலகம் ஓராயிரம் ஆண்டுகள் முயன்றிருக்கிறது. அம்முயற்சியின் வரலாற்றை அறிந்தால், புதிதாக ஆடத் தொடங்கும் ஒருவர் எவ்வாறு கற்க வேண்டும் என்பதும் விளங்கும்.

சதுரங்கம் நம் நாட்டில் தோன்றியது என்பதை அறிஞருள் பெரும்பாலோர் ஏற்பர். நால்வகைப் படையின் பெயரே அதன் பெயர். ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் இங்கு வழங்கிய அவ்வாட்டம், பாரசீகம் சென்று, அங்கிருந்து அராபியரிடம் பரவியது. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அல்-அத்லி, அஸ்-ஸூலி முதலிய வல்லுநர்கள் அதனைப்பற்றி நூல்கள் இயற்றினர். ஆட்டத்தில் எழும் அரிய நிலைகளைத் தொகுத்து, ‘இதில் வெல்லும் வழி யாது?’ என்று வினவுவது அவர்கள் முறை. பலகைக்கு முன் அமர்ந்து ஆடுவது வேறு, பலகையைப் பார்த்துச் சிந்திப்பது வேறு என்பதை உலகம் கற்றுக்கொண்டது அக்காலத்திலேதான்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில் இராணியும் மந்திரியும் நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் பெற்றன. ஆட்டம் ஏறக்குறைய இன்றைய வடிவத்தை அடைந்தது. அதன்பின் நூல்கள் பல தோன்றின. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை, ‘எதிரி இதனை நகர்த்தினால் நீ அதனை நகர்த்துக’ என்று கூறும் அளவிலேயே நின்றன. ஏன் நகர்த்த வேண்டும் என்ற காரணம் அவற்றில் அரிதாகவே இருந்தது. மாணவன் மனப்பாடம் செய்தான். நூலில் இல்லாத ஒன்றை எதிரி செய்தவுடன் திகைத்து நின்றான்.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் பிரெஞ்சு நாட்டுப் பிலிடோர். அவர் தொழிலால் இசைப் புலவர். இசை நாடகங்கள் பல அமைத்தவர். 1749ஆம் ஆண்டில், தம் இருபத்திரண்டாம் வயதில், இலண்டனில் ஒரு சதுரங்க நூலை வெளியிட்டார். பிறர் யானையையும் இராணியையும் போற்றிக்கொண்டிருக்க, அவர் எளிய காலாளிடம் ஆட்டத்தின் உயிர்நிலையைக் கண்டார். காலாள் பின்னோக்கி நடக்க இயலாதது. ஆதலின் அதனைத் தவறாக நகர்த்தினால் அத்தவறு திரும்பப் பெற முடியாதது. காலாள்களின் அணிவகுப்பே மற்றக் காய்களுக்கு வழியைத் திறக்கிறது அல்லது அடைக்கிறது. பிலிடோர் ‘எதை’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் விளக்கினார். அவருடைய நூல் பல மொழிகளில் மீண்டும் மீண்டும் அச்சேறியதில் வியப்பில்லை.

பிராகா நகரில் 1836இல் பிறந்த ஸ்டைனிட்ஸ் அடுத்த படியை அமைத்தார். 1886இல் உலக வீரர் பட்டத்தை முதன்முதலாக முறைப்படி வென்றவர் அவரே. அவர் காலத்து ஆட்டக்காரர் பலர், எடுத்த எடுப்பில் எதிரியின் அரசன்மீது பாய்வதையே வீரமென்று கருதினர். ஸ்டைனிட்ஸும் இளமையில் அவ்வாறே ஆடிப் புகழ் பெற்றவர்தாம். பின்னர் அவர் வேறொரு முடிவுக்கு வந்தார்: இருவர் நிலையும் சமமாக இருக்கும்போது தொடுக்கும் தாக்குதல், எதிரி சரியாக ஆடினால் தோற்றே தீரும், சிறுசிறு நன்மைகளைச் சேர்த்துக்கொண்டு, நிலைமை இடந்தரும்போதே தாக்க வேண்டும். வெற்றி திடீரென்று தோன்றும் மாயமன்று. அதற்குக் காரணம் உண்டு என்பதே அவர் போதித்த பாடம். காரணம் இருப்பின் அதனைக் கற்பிக்கவும் கற்கவும் இயலும் அன்றோ?

அவ்வாறு கற்பிக்க முனைந்தவர், 1894இல் ஸ்டைனிட்ஸை வென்ற இமானுவேல் லாஸ்கர். ஜெர்மானியரான அவர் தேர்ந்த கணித அறிஞர். 1921 வரை இருபத்தேழு ஆண்டுகள் உலக வீரராக விளங்கினார். மிகப் பலர் ஆடியும் மிகச் சிலரே முன்னேறுவது ஏன் என்ற வினா அவரை வருத்தியது. கற்பிக்கும் முறையின் குறையே அதற்குக் காரணம் என்று துணிந்து, 1920-களில் எழுதிய தம் பெருநூலில் இருநூறு மணி நேரத்துக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்தார். விதிகளுக்கும் பயிற்சிக்கும் 5 மணி. எளிய இறுதி நிலைகளுக்கு 5. தொடக்க ஆட்டங்களுக்கு 10. காய்களின் கூட்டுத் தாக்குதலுக்கு 20. நிலைமையை மதிப்பிட்டு ஆடும் கலைக்கு 40. எஞ்சிய 120 மணியும் ஆடுவதற்கும், ஆடியதை ஆராய்வதற்கும்.

இக்கணக்கை ஊன்றி நோக்குங்கள். இன்று புதிதாகத் தொடங்குவோர் பெரிதும் காலம் செலவிடுவது தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதில். லாஸ்கர் அதற்கு ஒதுக்கியது இருபதில் ஒரு பங்கு. ஆட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கியதோ ஐந்தில் மூன்று பங்கு. நாள்தோறும் அரை மணி செலவிட்டால் ஓராண்டுக்குச் சற்று மேல் இப்பாடம் முற்றுப்பெறும். தனித்திறமை இல்லாதவரும் இவ்வழியே நல்ல நிலையை எய்தலாம் என்று அவர் உறுதியாக நம்பினார். நம் முதற் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ!

லாஸ்கரை 1921இல் வென்றவர் கியூபா நாட்டுக் காபபிளாங்கா. அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட தொடக்க நூல், ஆட்டத்தின் முடிவிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறது. பலகையில் முப்பத்திரண்டு காய்களும் நிற்கையில் ஒவ்வொன்றின் ஆற்றலும் மறைந்து கிடக்கிறது. அரசனும் ஒரு யானையும் ஒருபுறம், தனி அரசன் மறுபுறம் என்று நிறுத்திப் பாருங்கள். யானை மட்டும் எதிரி அரசனை அடைக்க மாட்டாது. தன் அரசன் துணைக்கு நடந்து வந்து, எதிரியைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அரசனும் போர் வீரனே என்ற உண்மையை இச்சிறு பயிற்சி ஒரே நாளில் உணர்த்திவிடும்.

இனி, அந்த 120 மணியை எவ்வாறு பயன்படுத்துவது? அதற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கூறியவர், மின்பொறியியல் அறிஞரான ருஷிய வீரர் பாட்வின்னிக். 1948இல் உலக வீரரான அவர், 1960இல் இருபத்து மூன்று வயது இளைஞர் தாலிடம் பட்டத்தை இழந்தார். ஐம்பதை நெருங்கிய அவர் இனி மீள்வது அரிது என்று பலரும் எண்ணினர். அவரோ தாம் தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். தாலின் முறையையும் தம் குறைகளையும் ஒருங்கே அளந்தார். மறு ஆண்டே 13–8 என்ற கணக்கில் பட்டத்தை மீட்டார். தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியைப் பிறர் குறை காணும்படி அச்சிட்டு வெளியிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய பயிற்சிப் பள்ளியில் பயின்ற கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் பின்னர் உலக வீரராயினர்.

இம்மரபின் ஒரு கிளை நம் சென்னைக்கும் வந்தது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோனின் முயற்சியால், 1972இல் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தாலின் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் அமைந்தது. அன்னையிடம் ஆட்டம் கற்ற சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடித் தேர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. அவர் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024இல் சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வீரரானார்.

காஸ்பரோவையே 1997இல் ஒரு கணிப்பொறி வென்றது. இன்று கைப்பேசியில் அடங்கும் சதுரங்கப் பொறியும், நீங்கள் செய்த தவறை நொடியில் காட்டிவிடும். அது பெரிய வசதி. அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. கணக்கைப் போடாமல், புத்தகத்தின் இறுதியில் உள்ள விடையைப் பார்க்கும் மாணவனை ஆசிரியர் அனைவரும் அறிவர். அவன் விடையை அறிவான், கணக்கை அறியான். ஆதலால், தோற்ற ஆட்டத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த நகர்த்தலில் ஆட்டம் கைநழுவியது, அப்போது நீங்கள் என்ன எண்ணினீர்கள் என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் அதன்கீழ்க் குறியுங்கள். அதன் பின்னரே நண்பரையோ பொறியையோ கேளுங்கள். எதிரியின் நகர்த்தலைப் பார்க்கத் தவறினீர்களா, பார்த்தும் அவசரப்பட்டீர்களா என்பதைப் பொறி கூறாது. நீங்களே கூற முடியும்.

இருபது ஆட்டங்கள் இவ்வாறு எழுதிய பின் குறிப்பேட்டைப் புரட்டினால், ஒரே தவறு பல பக்கங்களில் மீண்டும் மீண்டும் வந்திருப்பதைக் காண்பீர்கள். அந்த ஒன்றைத் திருத்துவதே உங்கள் அடுத்த பாடம். மூளை இல்லை என்ற தீர்ப்பை அதுவரை ஒத்தி வையுங்கள்.