ஹிஸ்டரி மேஜர் பிறந்த கதை

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ் சின்னமனூரில் கொஞ்ச நேரம் நிற்கும். வேர்க்கடலையும் கொய்யாவும் ஜன்னல் வழியாக மடியிலேயே வந்து விழும். அப்படி ஒருநாள் பரீட்சைக்குப் போகும்போது மடியில் விரித்திருந்த புத்தகத்தில் 'சின்னமனூர்ச் செப்பேடு' என்று படித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே இருந்த மருந்துக் கடைப் பலகையிலும் சின்னமனூர் என்று எழுதியிருந்தது. பாண்டியர் வரலாற்றுச் சான்றுகள் என்றால் வேள்விக்குடி, தளவாய்புரம், சின்னமனூர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தச் சின்னமனூர் இந்தச் சின்னமனூர்தான் என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் யாரும் சொல்லவும் இல்லை.

நான் ஹிஸ்டரி மேஜர், எகனாமிக்ஸ் அலைடு. 'அத்தப் படிச்சு என்னடா செய்யப் போற?' என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. விடியற்காலையில் ஜீப் பிடித்து மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போனால் அன்றைக்கே கூலி. மூன்று வருஷம் அக்பரையும் அசோகரையும் படித்தால்? பதில் சொல்லத் தெரியாமல் 'டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம் மாமா' என்பேன். இப்போதும் ஹிஸ்டரி எடுக்கிற பிள்ளைகள் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள். அது தப்பான பதிலும் இல்லை. பாடமே பரீட்சைக்காகப் பிறந்ததுதான்.

1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. பெயர்தான் பல்கலைக்கழகம், அதற்கென்று ஒரு வகுப்பறை கிடையாது. கல்லூரிகள் பாடம் நடத்தும். இவர்கள் கேள்வித்தாள் அச்சடிப்பார்கள், விடைத்தாள் திருத்துவார்கள், பட்டம் கொடுப்பார்கள். பி.ஏ.க்கு உரிய பாடங்களில் சரித்திரமும் ஒன்று. ஆக, நம் பக்கத்தில் இந்தப் பாடம் முதலில் பிறந்தது கேள்வித்தாளாக. ஆராய்ச்சியும் பல்கலைக்கழகத்துக்கென்று ஆசிரியர்களும் பிறகு வந்தார்கள். 'குறிப்பு வரைக, ஐந்து மதிப்பெண்' என்பது நம் ஹிஸ்டரிக்குப் பிறவி மச்சம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: விசுவநாத பிள்ளை, சி.வை. தாமோதரம் பிள்ளை. இரண்டாமவரைப் பற்றி ஒன்று சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும். பட்டம் வாங்கிய கையோடு அவர் நின்றுவிடவில்லை. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்து அச்சுக்குக் கொண்டுவந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இல் பதிப்பித்தவர் அவர்தான்.

1904-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்களே பாடம் நடத்தலாம், ஆராயலாம் என்று ஆனது. 1914-இல் சென்னையில் இந்திய வரலாறு, தொல்லியல் துறை தொடங்கியது. முதல் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டைக்காரர். 1929-இல் அந்த நாற்காலிக்கு கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வந்தார். அவருடைய பாண்டியர் வரலாற்று நூல் வெளிவந்ததும் அதே 1929-இல். எச். கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்த சின்னமனூர்ச் செப்பேடுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் வெளிவந்ததும் அதே வருஷம். எங்கள் ஊர்ப்பக்கத்துச் செம்புத் தகடுகள் காலேஜ் பாடத்துக்குள் ஏறியது இப்படித்தான்.

அந்தத் தகடுகளில் பெரியது என்று சொல்லப்படுவது பத்தாம் நூற்றாண்டு ராஜசிம்ம பாண்டியனுடையது. வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். ஒரு பிராமணருக்கு ஊர் ஒன்றைத் தானம் கொடுத்த பத்திரம், அவ்வளவுதான். ஆனால் பத்திரம் எழுதும் சாக்கில் மன்னனின் முன்னோர் புகழ் முழுக்க வரும். பாண்டியர்கள் மகாபாரதத்தைத் தமிழில் செய்வித்தார்கள், மதுரையில் சங்கம் வைத்தார்கள் என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. சங்கம் என்று ஒன்று இருந்ததா இல்லையா என்று எத்தனையோ பேர் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சின்னமனூருக்கு வந்துபோனவர்கள்தான், காகிதத்திலாவது. தானம் கொடுத்த ராஜசிம்மனுடைய கதை சோகம். முதல் பராந்தக சோழனிடம் தோற்று, முடியைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு ஓடினான். முடியை அங்கே விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். பரீட்சையில் இதற்குப் பத்து மார்க்.

ஒரு பிறந்தநாள் விஷயம் சொல்ல ஆசை. நீலகண்ட சாஸ்திரி பிறந்தது 1892 ஆகஸ்ட் 12, கல்லிடைக்குறிச்சியில். மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 15-இல், திருப்புறம்பியத்தில் பிறந்தவர் தி.வை. சதாசிவப் பண்டாரத்தார். முன்னவர் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார், உலகம் படித்தது. பின்னவர் காலேஜில் ஹிஸ்டரி படித்தவர் இல்லை, பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டைப் பார்த்துப் பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். ஒரே வயசுக்காரர்கள், ஒரே சோழர்கள். எனக்கு இருவரும் வேண்டும். ஆனால் பாடத்திட்டக் குழுவுக்கு முன்னவர்தான் நீண்ட காலம் போதுமானவராக இருந்தார். தமிழில் எழுதினால் அது 'தமிழ்' டிபார்ட்மெண்ட் சமாச்சாரம், ஆங்கிலத்தில் எழுதினால்தான் ஹிஸ்டரி என்று ஒரு காலம் இருந்தது. 1960-இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. கலைப் பாடங்களைத் தமிழில் நடத்திப் பார்த்த பிறகுதான் அந்தச் சுவரில் முதல் விரிசல்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கம்பம் பள்ளத்தாக்குக்குக் காலேஜே வந்தது. 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் ஹௌதியா கல்லூரி. அதுவரை பட்டம் வேண்டுமென்றால் மதுரைக்குப் போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். நெல் வித்த காசில் மூத்தவனை மட்டும் அனுப்புவார்கள், இளையவன் வயலில். 1966-இல் மதுரைக்கே பல்கலைக்கழகம் வந்தது. 1971-இல் பெரியகுளத்தில் பெண்களுக்கு ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி. அதற்குப் பிறகுதான் பஸ் பாஸ் வைத்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிற பெண் பிள்ளைகளுக்கும் பட்டம் என்பது எட்டுகிற தூரத்துக்கு வந்தது.

உத்தமபாளையத்திலேயே ஒரு பாறை இருக்கிறது. கருப்பணசாமி கோயில் பாறை என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். சிலர் உட்கார்ந்தபடி, சிலர் நின்றபடி. பக்கத்தில் வட்டெழுத்து. எழுத்தெல்லாம் சுருள் சுருளாக, முறுக்கு பிழிந்த மாதிரி இருக்கும். அதில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளிலும் இதே பெயர் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தத் திருமேனிகளைச் செய்வித்துக்கொண்டே ஊர் ஊராக அலைந்த மனிதர். நான் முதல் தடவை அங்கே போனது இரண்டாம் வருஷத்தில், மொட்டை வெயிலில். பாறையில் கை வைத்தேன், சுட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, 'தொடாதப்பா, சாமி' என்றார். எந்தச் சாமி என்று கேட்டேன். 'எல்லாஞ் சாமிதான்' என்றார். சமணம் தமிழ்நாட்டில் எப்படி மறைந்தது என்ற கேள்விக்கு நான் எழுதிய எந்த விடையும் அந்த இரண்டு வார்த்தைக்குப் பக்கத்தில் வராது.

எங்களை அங்கே கூட்டிப்போனவர் புதிதாக வந்திருந்த ஒரு வாத்தியார். அவர்தான் ஒருநாள் வகுப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பேச்சு வந்தது. எங்கள் ஊரில் பென்னிகுயிக் என்றால் வீட்டுச் சாமி மாதிரி. படத்துக்குப் பொட்டு வைப்பார்கள், பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். ஒருத்தன் எழுந்து, 'அவரு சொந்தச் சொத்தை வித்து அணையக் கட்டினாரு சார்' என்றான். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, 'எந்தப் பேப்பர்ல இருக்கு?' என்றார்.

வகுப்பே கொதித்துவிட்டது. இரண்டு போகம் விளைகிற ஊரில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! அவர் அசரவில்லை. போர்டில் எழுதினார்: 1886 அக்டோபர் 29, திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம், 999 வருஷத்துக்கு. 1887-இல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் திறப்பு. வேலையில் கூட இருந்த எஞ்சினியர் மெக்கன்சி 1899-இல் அணை கட்டிய வரலாற்றைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 'இதெல்லாம் பேப்பர்ல இருக்கு. நீ சொன்னது இருந்தா எடுத்துட்டு வா, நானும் பொட்டு வைக்கிறேன். அவரு மேல எனக்கும் மரியாதைதான்டா. அதனாலதான் கேக்குறேன்.'

எவனும் எடுத்துக்கொண்டு வரவில்லை. ஆனால் இரண்டு பேர் தேடப் போனார்கள். ஒருத்தன் அணை வேலையில் செத்தவர்களைப் புதைத்த இடத்தைத் தேடி மலைப்பக்கம் போய், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வந்து காலைக் காட்டினான். எங்கள் வகுப்பில் ஹிஸ்டரி என்ற பாடம் உண்மையாகப் பிறந்தது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன். சென்னையில் நடந்தது கேள்வித்தாளுக்கு வைத்த பெயர்.

நான் பட்டம் வாங்கிச் சில வருஷம் கழித்து, 2006-இல், ஆண்டிபட்டி தாலுகா புலிமான்கோம்பையில் மூன்று கல் கிடைத்தன. வைகைக் கரை ஊர். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையின் பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் கண்டெடுத்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஊர் ஊராக நடந்து பார்க்கிற கள ஆய்வு. பழைய ஈமக் காட்டில் பெயர்ந்து கிடந்த கற்கள். ஆளுயரம்கூட இல்லாத சாதாரணப் பலகைக் கல், உருவம் எதுவும் செதுக்கவில்லை. தமிழ் பிராமியில் சில எழுத்துகள், அவ்வளவுதான். மாடு கட்டுகிற கல் என்று யாரும் தாண்டிப் போயிருப்போம்.

அதுவரை நடுகல் என்றால் வகுப்பில் செங்கம் பக்கத்தைத்தான் சொல்வார்கள். எல்லாம் பல்லவர் காலத்தை ஒட்டியவை. வீரனுடைய பெயரைக் கல்லில் எழுதி நட்டார்கள் என்று சங்கப் பாட்டுகள் சொல்லும். கல் கைக்குக் கிடைக்காத வரை அது புலவர் வாக்கு. புலிமான்கோம்பைக் கற்களை கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டு என்று கண்டெடுத்தவர்கள் கணித்தார்கள். கொஞ்சம் பிந்தையது என்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் செங்கத்துக்குப் பல நூறு வருஷம் முந்தையது.

ஒரு கல்லில் இருப்பது: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்தான், அவனுக்கான கல் என்று பொருள் கொள்கிறார்கள். ஆகோள் என்றால் மாட்டைக் கவர்ந்து வருவது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்கிற அதே சொல். எந்தப் பொருளதிகாரத்தில்? தாமோதரம் பிள்ளை 1885-இல் அச்சுக்குக் கொண்டுவந்த அதே பொருளதிகாரத்தில். சென்னையின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் ஏட்டிலிருந்து மீட்டுக் கொடுத்த சொல், நூற்றிருபது வருஷம் கழித்து எங்கள் ஜில்லாவில் கல்லில் கிடந்தது.

சரி, எந்தக் கூடலூர்? மதுரைக்கே கூடல் என்றுதான் பெயர். கம்பத்தைத் தாண்டிக் குமுளி மலை அடிவாரத்துக்குப் போனால் எங்கள் கூடலூர். இதைப் பற்றி ஆய்வாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு ஊர்ப் பாசம் தனி. பேப்பரில் செய்தி வந்த வாரம் கூடலூர் மாமா வீட்டுக்கே போய்விட்டேன். ஹிஸ்டரி படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர்களில் அவர் முக்கியமானவர். மலைமாடு வைத்திருந்தவர், தை மாசம் கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்குப் போகாமல் இருக்க மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து கல்லில் இருந்ததைச் சொன்னேன், தீயன் அந்தவனைப் பற்றிச் சொன்னேன், ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலே இருக்கும் என்றேன்.

மாமா வெற்றிலையை மென்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எட்டித் துப்பிவிட்டு, 'மாடு திரும்பி வந்துச்சா?' என்றார்.

கல்லில் அது இல்லை மாமா என்றேன்.

'எத்தன உருப்படி?'

அதுவும் இல்லை.

'அப்ப இன்னும் தேடணும்ல' என்று எழுந்து தொழுவத்துக்குப் போனார்.