தலைமைப் பாங்கும் ஊழியர் மனநிறைவும்: குடிநீர் வடிகால் வாரியத்தின் ‘கூடம்’

‘கூடம்’ என்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்களிடையே 2004-ஆம் ஆண்டையொட்டி உருவான கலந்துரையாடல் முறையாகும். தலைமையின் பாங்கு மாறினால் ஊழியரின் மனநிறைவும் வேலையின் தரமும் எவ்வாறு மாறும் என்பதற்கு இது தமிழகத்தின் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு.

பின்னணி

இவ்வாரியம் 1971 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. சென்னைப் பெருநகர் நீங்கலாக மாநிலத்தின் பிற பகுதிகளுக்குக் குடிநீர்த் திட்டங்களை அமைப்பது இதன் பணி. தலைமைப் பொறியாளர் தொடங்கி உதவிப் பொறியாளர் வரை கட்டளை படிப்படியாகக் கீழிறங்கும். இலக்கு மேலிடத்தில் முடிவாகும்; கீழே இருப்பவர் நிறைவேற்றுவார். 2000-களின் தொடக்கத்தில் வந்த வறட்சியில் நிலத்தடி நீர் இறங்கி, ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. மக்களின் கோபத்தையும் மேலதிகாரியின் கண்டிப்பையும் ஒருசேரத் தாங்கியவர் களத்தில் இருந்த பொறியாளரே. தவறு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் அதைச் சொல்ல இடமில்லை.

கூடம் நடந்த விதம்

இந்திய ஆட்சிப் பணி அலுவலர் விபு நாயர் முன்னின்று நடத்திய மாற்ற மேலாண்மை முயற்சியில் பொறியாளர்கள் பதவி வேறுபாடின்றி வட்டமாக அமர்ந்தனர். வீட்டுக்கூடத்தில் குடும்பத்தார் கூடிப் பேசுவதுபோல் ஒவ்வொருவரும் பேசலாம். முடிவு ஒருமித்த கருத்தால் அமையும். இவ்வழியில் வந்ததே மறைமலைநகர் அறிவிப்பு. பின்னர் 145 ஊராட்சிகளில் இம்முறை சோதிக்கப்பட்டது. பொறியாளர்கள் ஊர்மக்களோடு அமர்ந்து, புதிய திட்டத்துக்கு முன் பழையதைச் சீர்செய்ய முடியுமா என்று ஆராய்ந்தனர்.

ஏன் மனநிறைவு தருகிறது?

1939-இல் குர்ட் லெவினும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அமெரிக்கச் சிறுவர் குழுக்களில் மூன்று தலைமைப் பாங்குகளை ஒப்பிட்டனர். அதிகாரத் தலைமையின்கீழ், தலைவர் வெளியேறியதும் வேலை தளர்ந்தது. பங்கேற்புத் தலைமையின்கீழ் அது தொடர்ந்தது. 1959-இல் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க், ஊதியமும் பணிச்சூழலும் குறைந்தால் அதிருப்தி வரும். ஆனால் மனநிறைவு தருபவை சாதனை, பாராட்டு, பொறுப்பு ஆகியவையே என்றார். கூடம் பொறியாளருக்குத் தந்தது இந்தப் பொறுப்பைத்தான்.

உத்திரமேரூரின் முன்னோடி

நீரைக் குழுவாக ஆள்வது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வட்டத்தின் தலைமையூரில், முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. குடவோலை வழியே தேர்ந்த ஆறு பேர் 360 நாள் பணியாற்றுவர். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மீண்டும் இடமில்லை. ஆனால் அவ்வாய்ப்பு நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே கிடைத்தது. ஏரியில் மண் சுமந்தவருக்கு அதில் குரல் இல்லை.

எல்லைகள்

இதே கேள்வி இன்றும் எழுகிறது. ஊரில் காலையும் மாலையும் மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடுபவர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குநர். அவர் வாரிய ஊழியர் அல்லர். ஊராட்சியின் குறைந்த ஊதியத்தில் பணிபுரிபவர். காலமுறை ஊதியம் கேட்டு இவர்கள் நெடுநாளாகக் குரல் எழுப்பி வருகின்றனர். ஹெர்ஸ்பெர்க்கின் கருத்துப்படி, அடிப்படைக் குறை தீராத இடத்தில் கனிவான தலைமை மட்டும் போதாது.

மற்றொன்று, அலுவலர் மாறுதலாகிப் போனதும் முறை தளரும் ஆபத்து. உத்திரமேரூர் சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டியது. அதனால் அவை ஒருவரின் நல்ல குணத்தை நம்பி நிற்கவில்லை. பங்கேற்பும் பணி விதியாகி, தொட்டி இயக்குநர் வரை எட்டினால்தான் ஊழியரின் நிறைவும் ஊரின் தண்ணீரும் நிலைக்கும்.