மருத்துவ ஆராய்ச்சியில் இரு சென்னைப் பெண்மணிகள்

1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. அது மேலைநாட்டார் நோய். கட்டுப்பாடான குடும்ப வாழ்வுடைய பாரத நாட்டை அண்டாது என்றே பலரும் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இரு பெண்மணிகள்.

ஒருவர் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். மற்றவர், 1985ஆம் ஆண்டின் இறுதியில் ஆய்வேட்டிற்குப் பொருள் தேடிய அவர்தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா, வயது 32. எய்ட்ஸ் கிருமி தமிழ்நாட்டில் உண்டா என ஆராயுமாறு பேராசிரியர் பணித்தார். மாணவி தயங்கினார், கணவர் ஊக்குவித்தார்.

பாலியல் தொழிலில் கைதான மகளிர் வைக்கப்பட்டிருந்த அரசு காப்பகத்திற்குக் கணவரின் ஸ்கூட்டரில் சென்று, நிர்மலா இரத்தம் எடுத்து வந்தார். கையுறையும் இல்லை, தக்க பாதுகாப்புச் சாதனங்களும் இல்லை. மூன்று மாதங்களில் எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வசதியின்றி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார்.

சென்னையில் பரிசோதனை வசதி இல்லாமையால், 1986 பிப்ரவரியில் கணவருடன் இரவு ரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார். அங்கே 'எலைசா' முறையில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக நிறம் மாறின! அதாவது, கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் அவற்றில் இருந்தது. மீண்டும் இரத்தம் எடுத்து, அமெரிக்காவில் 'வெஸ்டர்ன் பிளாட்' முறையில் சோதித்தபோதும் அதுவே உறுதியாயிற்று. மே மாதம் சுகாதார அமைச்சர் டாக்டர் ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நம்ப மறுத்தவர்களும் உண்டு. ஆயினும் நோய் நாட்டினுள் இருப்பது தெரிந்த பின்னரே தடுப்புப் பணிக்கு வழி பிறந்தது.

சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தை நிறுவி, பிறர் தொட அஞ்சிய நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 2015இல் மறைந்த அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நிர்மலா 1987இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றி, 2010இல் ஓய்வு பெற்றார். நெடுங்காலம் அவர் பெயரைப் பலரும் அறியார்.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. அக்காப்பகப் பெண்களுக்கு எந்நோய்க்கான சோதனை என்பது சொல்லப்படவில்லை. அந்நாளில் பல நாடுகளிலும் இந்நிலை இருந்தது. நாம் வாழும் ஆக்லாந்திலேயே, தேசிய மகளிர் மருத்துவமனை குறித்து 1988இல் வெளியான கார்ட்ரைட் விசாரணை அறிக்கைக்குப் பின்னரே, நோயாளிக்கு விளக்கிச் சம்மதம் பெறும் முறை இங்கு வலுப்பெற்றது. அவ்விசாரணைக்கு வித்திட்ட கட்டுரையை எழுதியவர்களும் இரு பெண்களே.

ஆராய்ச்சி செய்தவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. இரத்தம் தந்தவர் பெயர் எங்கும் இல்லை. அறிவியலுக்குப் பெண்கள் ஆற்றிய தொண்டைப் போற்றும்போது, அந்தப் பெயரறியாப் பெண்களையும் சேர்த்தே போற்றுதல் முறையாகும்.