இணையப் பாத்திர விளையாட்டுகளில் ஆட்டக்காரர் சுதந்திரம்

ஆயிரக்கணக்கானோர் இணையம் வழியே ஒரே கற்பனை உலகில் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுகளை எம்.எம்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வர். இவற்றை நடத்துவோருக்குத் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கும் புதிய நிலமும் அரக்கனும் கதையும் சில நாள்களில் ஆடித் தீர்ந்துவிடும். ஆட்டக்காரர்களே உலகை உருவாக்கிக்கொள்ளட்டும் என்று விட்டால் ஆட்டம் ஓயாது. ஆனால் வலுத்தவர்கள் எளியவர்களை விரட்டிவிடுவார்கள். நிறுவனமே எல்லாவற்றையும் அமைத்துத் தருவதைத் துறையில் தீம் பார்க் என்றும், ஆட்டக்காரர் கையில் விடுவதை சாண்ட்பாக்ஸ் என்றும் அழைப்பர். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான் இவ்விளையாட்டுகளின் வரலாற்றில் பெரும்பகுதி.

தொடக்கம்

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' இவற்றின் மூதாதை. அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். புள்ளிகள் சேர்த்து உச்சநிலையை எட்டியவர் 'விசார்ட்' ஆவார். உலகின் மீதே அவருக்குச் சில அதிகாரங்கள் கிடைக்கும். 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் எழுதிய 'டைனிமட்' இன்னும் ஒரு படி போய், யார் வேண்டுமானாலும் புதிய அறைகளைக் கட்டலாம் என்று திறந்துவிட்டது.

இவ்விரண்டுக்கும் இடையில், 1986இல், லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கமடோர் 64 கணினிக்காகச் சோதனைமுறையில் நடத்திய 'ஹாபிடாட்' தனித்துச் சொல்லத் தக்கது. அதை உருவாக்கிய சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் ஒரு புதையல் வேட்டைக்காக நூறு பகுதிகள் கொண்ட தீவை வாரக்கணக்கில் கட்டினார்கள். வேட்டை பல நாள் நடக்கும் என்று நம்பினார்கள். முக்கியத் துப்பை முதல் 15 நிமிடத்திலேயே பிடித்துவிட்ட ஒருவர் சுமார் 8 மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். மற்றவர்களில் பலருக்கு, இலை போடும் முன்பே பந்தி கலைந்த கதை.

அதே உலகில் வேறொன்றும் நடந்தது. ஓர் இயந்திரம் 75 டோக்கனுக்கு விற்ற பொம்மையை, தொலைவில் இருந்த அடகு இயந்திரம் 100 டோக்கனுக்கு வாங்குவதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். அந்த லாபத்தில் தலா 18,000 டோக்கனுக்குப் படிகக் கோளங்களை வாங்கி, தலா 30,000க்கு விற்றார்கள். ஒரே இரவில் புழக்கத்தில் இருந்த பணம் பல மடங்கானது. அது நடத்துநரின் பிழைதான். ஆனால் திடீர்ப் பணக்காரர்கள் அந்தப் பணத்தைச் செலவழித்து, தாங்களாகவே மற்றவர்களுக்குப் புதையல் வேட்டைகள் நடத்தினார்கள். அவை நன்றாகவே ஓடின. அதிகாரப்பூர்வ வேட்டை எட்டு மணி நேரத்தில் முடிந்த உலகில், ஆட்டக்காரர் ஏற்பாடு செய்தது வென்றது. பின்னால் வந்த நிறுவனங்கள் இதைப் படித்திருந்தால் பல கோடி மிஞ்சியிருக்கும்.

அல்டிமா ஆன்லைனும் எவர்குவெஸ்டும்

1997 செப்டம்பரில் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட 'அல்டிமா ஆன்லைன்' கட்டற்ற சுதந்திரத்தின் பெரிய சோதனை. ஆட்டக்காரர் தையற்காரராகவோ மீனவராகவோ திருடராகவோ வாழலாம், வீடு கட்டலாம், எவரையும் கொல்லலாம். ஒன்றையொன்று உண்டு வாழும் விலங்குகளோடு ஓர் இயற்கைச் சூழலையும் வடிவமைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்ட விலங்கையெல்லாம் வெட்டித் தள்ளியதில், அந்த ஏற்பாடு எவர் கவனத்துக்கும் வருமுன்பே குலைந்து, கைவிடப்பட்டது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைக் காலத்தில், 1997 ஆகஸ்டில், படைப்பாளர் ரிச்சர்ட் கேரியட்டின் அரசப் பாத்திரமான லார்ட் பிரிட்டிஷையே ஓர் ஆட்டக்காரர் கொன்றுவிட்டார். சிரித்துவிட்டுப் போகக்கூடிய கொலை அது. நகரத்தை விட்டு வெளியே கால் வைத்த புதியவர்களைக் காத்திருந்து கொன்ற கும்பல்கள்தான் உண்மையான தொல்லை. பல தண்டனை முறைகள் தோற்றபின், 2000இல் உலகம் இரண்டாக்கப்பட்டது: பழைய விதிகளோடு ஃபெலுக்கா, விருப்பமில்லாதவரைத் தாக்க முடியாத ட்ராமெல். பெரும்பாலோர் ட்ராமெலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொலை சுதந்திரத்தை இழந்ததால் ஆட்டம் செத்துவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் புலம்புவதுண்டு. சந்தா எண்ணிக்கையோ 2003 வாக்கில் 2,50,000 வரை ஏறியது.

1999 மார்ச்சில் வந்த 'எவர்குவெஸ்ட்' எதிர்த்திசையில் நடந்தது: கும்பலாகச் சேர்ந்து அரக்கர்களை வீழ்த்துவது, பிறகு புதிய கண்டங்களோடு விலைக்கு வரும் எக்ஸ்பேன்ஷன்களை வாங்குவது. கொல்லவே முடியாதபடி அமைத்திருந்த கெராஃபிர்ம் என்ற டிராகனை, 2003 நவம்பரில் ஒரு சர்வரில் ஏறத்தாழ 200 பேர் மணிக்கணக்கில் போராடி வீழ்த்தும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டத்தை நடத்திய நிறுவனம் டிராகனை மறையச் செய்தது, எதிர்ப்புக் கிளம்பவே மறுவாய்ப்புத் தந்தது, அவர்களும் கொன்றார்கள். 1999 நவம்பரில் தொடங்கிய 'அஷெரான்ஸ் கால்' மட்டும் மாதந்தோறும் புதிய கதையைத் தொடர்கதை போல வெளியிட்டு வந்தது.

ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்

சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' விளையாட்டே சான்று. 2003 ஜூனில் வெளியான இதற்குப் படைப்பு இயக்குநர், அல்டிமா ஆன்லைனில் பணிபுரிந்த ரேஃப் காஸ்டர். ஆயுதம், உடை, உணவு எல்லாம் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் செய்து விற்றவை. போரே செய்யாமல் நடனக்காரராகவும் மருத்துவராகவும் காலம் தள்ளலாம். ஆட்டக்காரர்கள் எழுப்பிய ஊர்களுக்கு மேயர் தேர்தலும் நடந்தது. 2005 நவம்பரில், ஒரு எக்ஸ்பேன்ஷனை விற்ற சில நாள்களிலேயே, நிறுவனம் 34 தொழில்களை 9 ஆகச் சுருக்கி, எவரும் முதல் நாளே ஸ்டார் வார்ஸ் கதைகளின் வீரரான ஜெடை ஆகலாம் என்று மாற்றியது. ஆண்டுக்கணக்கில் கற்ற தொழில் ஒரே நாளில் பயனற்றுப் போனவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். புதியவர்களும் வந்து சேரவில்லை. 2011 டிசம்பர் 15இல் சர்வர்கள் மூடப்பட்டன.

நிறுவனத்துக்கு அந்த அவசரம் வந்ததற்கு, 2004 நவம்பரில் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' பெற்ற வெற்றியும் காரணம். அடுத்து எங்கே போவது, யாரைக் கொல்வது என்று குவெஸ்ட்கள் வழிகாட்டிக்கொண்டே போகும் தீம் பார்க் அது; 2010 அக்டோபரில் 1.2 கோடி சந்தாதாரர்களை எட்டியது. அங்கும் திட்டமிடாத உள்ளடக்கமே அதிகம் பேசப்பட்டது. 2005 செப்டம்பரில் ஹக்கார் என்ற அரக்கனின் தொற்றுச் சாபம், வளர்ப்பு விலங்குகள் வழியே நகரங்களுக்குள் பரவி எலும்புக்குவியல்களை விட்டுச் சென்றது. மெய்யான கொள்ளைநோயில் மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அறியத் தொற்றுநோய் ஆய்வாளர்களும் அதை எடுத்துப் பேசினார்கள்.

ஈவும் வாக்கெடுப்பும்

ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதம் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' ஏமாற்று, உளவு, துரோகம் அனைத்தையும் ஆட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்மண்டலத்தில் நடந்த போரை எந்த வடிவமைப்பாளரும் எழுதவில்லை. அம்மண்டலத்தின் மீதான ஆதிக்கத்துக்காக ஓர் அணி கட்ட வேண்டிய வரி தவறிப்போனதே காரணம். 75 டைட்டன் கப்பல்கள் அழிந்தன. இழப்பு 3,00,000 டாலர் மதிப்புடையது என்று கணக்கிட்டார்கள். ஊழியர் ஒருவர் ஓர் அணிக்குச் சலுகை காட்டிய விவகாரத்துக்குப் பின், 2008இல் ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்கும் நட்சத்திர நிர்வாகக் குழு அமைக்கப்பட்டது. ஆனால் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு.

அதைவிடக் கூர்மையான அதிகாரம் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' ஆட்டக்காரர்களிடம் இருக்கிறது. 'ரூன்ஸ்கேப்' விளையாட்டில் வந்த விருப்பமில்லாத மாற்றங்களால் சலித்தவர்கள் அதன் பழைய வடிவத்தைக் கேட்க, 2013 பிப்ரவரியில் ஏறத்தாழ 4,50,000 பேர் வாக்களித்தபின், ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்ட் மாதப் பிரதியை மீண்டும் ஓடவிட்டது. அங்கே முக்கியமான புதுச்சேர்க்கைகள் ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் தேற வேண்டும். வரம்பு முதலில் 75 விழுக்காடு, 2022 முதல் 70. 2019இல் 'வார்டிங்' என்ற புதிய திறன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்றும் தோற்றது. 2015இல் நிராகரிக்கப்பட்ட கப்பலோட்டும் திறனான 'செய்லிங்', 2023 வாக்கெடுப்பில்தான் ஒப்புதல் பெற்றது.